பொள்ளாச்சி பஸ்ஸில் காணாமல் போன கிட்டார்

சென்னையில் மிக்ஸிங் வேலை பார்த்த நண்பர்கள் எனக்கு உண்டு. பாட்டில் வாசித்த ஒவ்வொருவரும் பின்னால் வந்து நின்று, என்னுடையதைக் கொஞ்சம் ஏற்றுங்கள் என்று பிடுங்கி எடுப்பதாகப் புலம்புவார்கள். கோயம்புத்தூரில் எனக்கு வாய்த்த தலைவலி வேறு. இங்கே ஆளாளுக்கு, "என்னுது போதுங்க, அவருத ஏத்தி உடுங்க" என்பார்கள். தன் சத்தத்தைத் தானே ஏற்றச் சொன்னவர்களை யோசித்துப் பார்த்தால் ஒரு கை விரல்களுக்குள் முடிந்துவிடும்.

மிக்ஸிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: தபேலா, புல்லாங்குழல், கிட்டார் எல்லாம் தனித்தனியாகப் பதிவாகி நம்மிடம் வரும். எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால், எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று பார்த்து ஒரே பாட்டாகச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் வேலையை விட்டுவிட்டேன். ஆனாலும் ஸ்டுடியோ பக்கம் போய் டீ குடித்து வருவதுண்டு. அங்கே இப்போது உட்காருகிறவர்கள் போன வாரம் ஒரு மென்பொருளைக் காட்டினார்கள். பொத்தானை அழுத்தினால் அதுவே எல்லா வாத்தியங்களையும் அளந்து இடம் பார்த்து உட்கார வைத்துவிடுகிறது. நன்றாகத்தான் வைக்கிறது, பொய் சொல்லக் கூடாது. "இதெல்லாம் இல்லாம எப்படீங்க சமாளிச்சீங்க? எந்தப் பாட்டுங்க உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் கொடுத்துச்சு?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்புப் பாதியில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கே பாக்கு உரித்தேன், நகம் பிய்ந்தது. ஓட்டலில் இலை எடுத்தேன். காய்கறி லாரியில் கிளீனராக மலை ஏறி இறங்கினேன். ஒரு மழைக்காலம் முழுக்க மண்டி வாசலில் சாக்குகளின் மேல் படுத்தேன். முட்டைக்கோஸ் வாடை அடிக்கும், மற்றபடி குறையில்லை. ஒரு வேலை கைக்குப் பழகியதும் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். கடைசியில் ஒரு மைக் செட்காரரிடம் சேர்ந்தேன். ஊர் ஊராகப் போகலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

அப்படித்தான் கோயம்புத்தூரில் ஒரு மாதா கோயில் திருவிழாவுக்கு வந்தோம். பாடகர் குழுவின் மைக் அடிக்கடி 'கீ' என்று கத்தும் நிலையில் இருந்தது. நான் ஒவ்வொரு தடவையும் கத்துவதற்கு முன்பே ஓடிப்போய்க் குழாய் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஆராதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, அது கத்தப்போறது உங்களுக்கு முன்னாலயே எப்படீங்க தெரியுது?"

"கத்தறதுக்கு முன்னால சித்த மூச்சு இழுக்குமுங்க. அப்பத் தெரிஞ்சுருமுங்க."

"நாளைக்கு உக்கடம் வந்து என்னையப் பாருங்க."

ரோஸ்லின் அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டது இப்படித்தான். பம்புசெட் சாமான் விற்கும் கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஸ்டுடியோ. மில் கழிவுப் பஞ்சைச் சாக்கில் அடைத்துச் சுவரெல்லாம் அறைந்திருந்தார். வயர் சுருட்டுவதில் ஆரம்பித்து மிக்ஸிங் மேசை முன்னால் உட்காரும் வரைக்கும் ஆன காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சுருட்டினேன், துடைத்தேன், கேட்டேன். நடுவில் இரண்டு தடவை ஓடிப்போனேன். இரண்டு தடவையும் திரும்பி வந்தபோது அக்கா, "வாங்க கண்ணு, சாப்பிட்டீங்களா?" என்றதோடு சரி. எங்கே போனேன் என்று கேட்கவில்லை. மூன்றாவது தடவை ஓடத் தோன்றவில்லை.

அக்காவின் கோபத்தைப் புதிதாக வருகிறவர்களால் கண்டுபிடிக்க முடியாது. சாதாரண நாளில் என்னைக் 'கண்ணு' என்பார். வேலை சரியில்லை என்றால் 'தம்பி'. ரொம்ப மோசம் என்றால் 'சார்'. "சார், ஒரு சின்ன சந்தேகமுங்க" என்று ஆரம்பித்தால் அன்றைக்குச் செய்த வேலை முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எது தப்பு என்று மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு பாட்டு முடிந்தால் அதை ஏற்றுக்கொள்வதற்கு அவர் வைத்திருந்த முறை இது. முதலில் அறைக்குள் வர மாட்டார். கதவைப் பாதி திறந்து வைக்கச் சொல்லிவிட்டு வெளியே நடையில் நின்று, பூண்டு உரித்துக்கொண்டே கேட்பார். கதவுக்கு வெளியே எது காதில் விழுகிறதோ அதுதான் பாட்டு என்பார். அடுத்து, ஒற்றை ஸ்பீக்கரில் மிக மெதுவாக, மின்விசிறிச் சத்தத்துக்குக் கீழே வைத்துக் கேட்பார். இரண்டும் முடிந்தால் மூன்றாவது பரீட்சை பஸ்ஸில். உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி போகும் தனியார் பஸ்களில் பாட்டுப் பெட்டி நன்றாக இருக்கும். ஓட்டுநர்கள் காதும் நன்றாக இருக்கும். பழனிச்சாமி என்று ஒரு ஓட்டுநர், அக்காவுக்குத் தெரிந்தவர். நாங்கள் கொடுப்பதைப் போட்டுவிடுவார். எஞ்சின் உறுமலையும் ஹாரனையும் மீறி எது நிற்கிறது என்று கிணத்துக்கடவு வரை கேட்டுவிட்டு, இறங்கி எதிர்ப் பஸ்ஸில் திரும்பி வருவோம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கேசட், பிறகு சி.டி., கடைசியில் பென் டிரைவ். பஸ் மட்டும் மாறவில்லை.

இந்த ஊர் மரியாதை ஒலிப்பதிவை என்ன செய்யும் என்பதை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிவில். பாடகர் குழுவுக்கு நடுவில் ஒரே மைக். பாடப் பாட ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்கு வழிவிட்டு அரையடி பின்னால் நகர்ந்தார்கள். மூன்றாவது பாட்டுக்கு மைக் தனியாக நின்றது. எல்லோரும் சுவரோரம் இருந்தார்கள். அக்கா சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டு, "இந்தக் கோட்டுக்கு வெளிய போறவங்களுக்குக் கேக்கு கெடையாதுங்க" என்றார். அன்றைக்குச் சிரித்தேன். பின்னாளில் அதே சங்கதி என் மேசைக்கே வந்தது.

வெள்ளகோவிலில் தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் களம் வைத்திருந்த முத்துசாமி என்பவரின் ஒரே மகன் குமரேசன். இன்ஜினியரிங் படித்துவிட்டு, கல்யாண வரவேற்புக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். சென்னையில் படங்களுக்கு இசையமைக்கும் ஒருவர், 'கிட்டார் முன்னால் நின்று நடத்துகிற மாதிரி ஒரு வாத்திய இசை பண்ணி அனுப்பு, கேட்டுப் பிடித்திருந்தால் என் குழுவில் சேர்த்துக்கொள்கிறேன்' என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்.

"அவருக்குப் பிடிக்காட்டி?" என்று கேட்டேன்.

"களந்தானுங்கண்ணா. அப்பா திட்டவே இல்லீங்க. 'அவரு வேண்டாம்னுட்டா தை மாசத்துலருந்து களத்துக்கு வந்துரு கண்ணு'ன்னாரு. திட்டியிருந்தாச் சண்டையாச்சும் போட்டிருப்பேனுங்க."

மெட்டு அவனுடையது. மெட்டென்றால் நல்ல மெட்டு, மதிய வெயிலில் சைக்கிளில் இறக்கத்தில் போவது போல இருக்கும். தபேலாவுக்கு மணியண்ணன், நெடுநாள் கச்சேரிக்காரர். புல்லாங்குழலுக்கு ஸ்டீபன், தேவாலயத்தில் ஊதுகிறவர். கீபோர்டைக் குமரேசனே வாசித்திருந்தான். பதிவெல்லாம் முடிந்து மிக்ஸிங்குக்கு மூன்று பேரும் வந்து என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

"அண்ணா, மணியண்ணன் தபேலா சித்த அமுங்குதுங்ளா?" என்றான் குமரேசன். ஏற்றினேன்.

"எனக்கென்னங்க, தபேலா எங்க வெச்சாலும் கேக்கும். ஸ்டீபன் உசுரக் குடுத்து ஊதியிருக்காப்ல, அதத் தூக்குங்க" என்றார் மணியண்ணன். தூக்கினேன்.

"ஐயோ, என்னுது போதுங்க. கிட்டார ஏத்துங்க" என்றார் ஸ்டீபன்.

நான் கிட்டாரின் ஏற்ற இறக்கப் பொத்தானில் கை வைப்பதற்குள் குமரேசன் பதறிவிட்டான். "வேண்டாமுங்கண்ணா! எம் பாட்டுல நானே முன்னால நின்னா நல்லாவாங்க இருக்கும்? கொறைங்க. இன்னுங் கொஞ்சம்."

குறைத்தேன். வேண்டாம் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தானே. நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கும் ஓர் இடம் இருந்தது. அங்கே, "கீபோர்ட ஏத்தி மூடிருங்க, வெறிச்சுன்னு இருக்குது" என்றான். மூடினேன். எல்லோரும் "நெம்ப நல்லாருக்குங்க" என்று ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டு எழுந்தார்கள்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் மறுபடி வந்து உட்கார, அக்கா நடையில் நின்று பூண்டு உரித்தபடி கேட்டார். முடிந்ததும் கதவருகே வந்தார்.

"சார், பஸ்ல ஒருக்காக் கேட்டுட்டு வந்துர்றீங்களா?"

'சார்' என்றாகிவிட்டது. ஒற்றை ஸ்பீக்கர் பரீட்சைக்குக்கூட அவர் உட்காரவில்லை. அந்த நேரம் பார்த்துக் குமரேசனின் அப்பா முத்துசாமி படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, இரண்டு கையிலும் பை. ஒன்றில் தேங்காய் எண்ணெய், இன்னொன்றில் முருங்கைக்காய், எங்கள் எல்லோருக்கும். மகன் முழுப் பாட்டு வாசித்து அவர் கேட்டதே கிடையாது. கல்யாண வீடுகளில் இரைச்சலில் தெரியாது என்றார். "நானும் பஸ்ஸுக்கு வரலாமுங்களா?" என்று அக்காவிடம் அனுமதி கேட்டார்.

அக்காவைத் தவிர ஐந்து பேரும் பழனிச்சாமியின் பஸ்ஸில் ஏறினோம். முத்துசாமிக்கு ஸ்பீக்கருக்கு நேர் கீழே ஜன்னல் சீட்டு. குறிச்சி தாண்டியதும் பழனிச்சாமி பாட்டுப் போட்டார். பஸ் வேகமெடுத்திருந்தது. தபேலா தெளிவாகக் கேட்டது. புல்லாங்குழல் பஸ் முழுக்கப் பறந்தது. முன் சீட்டில் ஒரு அம்மாள் திரும்பி, "எந்தப் படமுங்க?" என்றார். நடத்துநர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "கொழலு அருமைங்க!" என்றார். ஸ்டீபன் கூச்சத்தில் நெளிந்து, "தபேலாவக் கேளுங்க" என்றார்.

முத்துசாமி காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, கண்ணை மூடி, கடைசி வரை கேட்டார். பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்க. என்ற பையன் எப்பங்க வருவான்?"

குமரேசன்தான் சொன்னான். "மொதல்லருந்து கடைசி மட்டும் நாந்தானுங்கப்பா வாசிக்கறேன்."

"அப்படீங்களா..." என்றவர் உடனே சுதாரித்துக்கொண்டார். "பஸ்ஸு சத்தமுங்க. வண்டி பழசு."

"புது வண்டிங்க!" என்று முன்னாலிருந்து பழனிச்சாமி குரல் கொடுத்தார்.

கிணத்துக்கடவில் இறங்கி டீ குடித்தோம். குமரேசன் குடிக்கவில்லை. கிட்டாருக்காகவே கேட்கப்போகிற ஒருவருக்குக் கிட்டார் இல்லாத பாட்டை அனுப்ப இருந்தோம். காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சரிசெய்ய வழியும் எனக்குத் தெரியும். தபேலாவும் குழலும் விலகி இடம் கொடுக்க வேண்டும். அதை மணியண்ணனிடம் யார் சொல்வது? குமரேசன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு என்ன நெனப்பாருங்கண்ணா? சும்மா கூப்ட ஒடனே வந்து வாசிச்சுக் குடுத்தாருங்க" என்றான். மணியண்ணன் தள்ளி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்க்காமல் இருந்தார்.

திரும்பி வந்ததும் அக்கா எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒன்றும் விசாரிக்கவில்லை. மணியண்ணனுக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

"ஏனுங்க மணி, விசேச ஊட்ல ஊட்டுக்காரரு எப்பங்க பந்தில உக்காருவாரு?"

"வந்தவங்க எல்லாஞ் சாப்ட்டதுக்கு அப்புறமுங்க."

"நம்ம எல்லாரும் வயிறு நெறையச் சாப்ட்டாச்சு. ஊட்டுக்காரப் பையன் இன்னும் எலை கழுவிப்போட்டு நிக்கறானுங்க."

மணியண்ணன் மோரை வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "அட, நான் எப்பங்க வேண்டாமுன்னேன்? நேத்தே சொல்லலாமுன்னு இருந்தேன். பையன் இத்தன ஆசையா என்னையத் தூக்கறான், கெடுப்பானேன்னு உட்டுட்டேன்." குமரேசனைப் பார்த்து, "டேய், போய் உக்காருடா முன்னால" என்றார்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கிட்டாரை மட்டும் கேட்டேன். அதை இரண்டு மைக்கில் பதிந்திருந்தோம். ஒன்று கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்தபடி, இன்னொன்று வலக்கைக்குப் பின்னால், கம்பிகள் மரத்தில் கட்டப்பட்டிருக்கும் பக்கம். நடுத் துளைக்கு நேராக வைத்தால் குடத்துக்குள் பேசுவது போல உப்பும். கழுத்து மைக்கில் விரல் தெரியும், மற்றதில் மரம் தெரியும். முதல் நாள் நான் விரலைத்தான் அதிகமாகக் குறைத்திருந்தேன். அதைத் திரும்பக் கொண்டுவந்தேன். கம்பியில் விரல் வழுக்கும் கீச்சொலியையும் துடைக்காமல் விட்டேன்.

அவன் குறைக்கச் சொல்வதற்கு முன்பிருந்த அளவுக்குக் கிட்டாரை வைத்த பிறகு அதன் பொத்தானை நான் தொடவில்லை. மற்றவர்களை நகர்த்தினேன். கீபோர்டின் நீண்ட ஒலியில் நடுப்பகுதியைச் செதுக்கினேன், கிட்டார் உட்கார வேண்டிய இடத்தை அதுதான் அடைத்திருந்தது. தபேலாவின் இடக்கை முழக்கம் கிட்டாரின் தடித்த கம்பிகளோடு மோதியது. அதை அங்கே மட்டும் லேசாக வெட்டினேன், வலக்கையின் கூர்மையில் கை வைக்கவில்லை. குழலை இடப்பக்கமாகத் தள்ளி, கொஞ்சம் எதிரொலி கொடுத்து, இரண்டு வீடு தள்ளி நின்று ஊதுவது போலச் செய்தேன்.

நடுவில் அந்தத் தனி இடம் வந்தது. மூடியிருந்த கீபோர்டை எடுத்தேன். விரல் பிசகி ஒரு கம்பி கிட்டாரின் கழுத்துத் தகட்டில் உரசி 'ஜிர்' என்றது.

"அண்ணா, அத மூடிப்போடுங்க" என்றான் குமரேசன். முகம் வெளுத்திருந்தது. நேற்றைய மரியாதையில் பாதி இந்தப் பயம்தான் என்று அப்போது புரிந்தது.

"திரும்ப வாசிக்கறயா?"

கிட்டாரை எடுத்து வாசித்தான். உரசல் இல்லை. இன்னொரு தடவை வாசித்தான், இன்னும் சுத்தம். ஆனால் வழுக்குப் பாறையில் கால் வைப்பவன் மாதிரி ஒவ்வொரு சுரத்தையும் பார்த்துப் பார்த்து வைத்தான். ஸ்டீபன் வழக்கம் போல, "நல்லாருக்குங்க" என்றார்.

"நல்லா இல்ல" என்றார் மணியண்ணன். ஸ்டுடியோவில் அப்படி ஒருவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. "மொதல்ல வாசிச்சதுதான் பாட்டு. ஜிர்ருன்ன ஒடனே உனக்குப் பயம் உட்டுப்போச்சு பாரு. அதுக்கப்புறந்தான் நீ வாசிக்கவே ஆரம்பிச்சிருக்கற. அத மூடுனயின்னா நீ வேற யாரோ."

குமரேசன் அந்த இடத்தை மறுபடியும் கேட்டான். ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டான். பிறகு கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். "இருக்கட்டுமுங்கண்ணா. அவரு கேக்கட்டும்."

முடித்ததை முழுதாகப் போட்டேன். அக்கா நடைக்குப் போனார். முத்துசாமி என் பக்கத்து நாற்காலியில், கை இரண்டையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். முதல் சுரத்திலேயே அவருக்கு மகனை அடையாளம் தெரிந்துவிட்டது. தனி இடத்தில் அந்த 'ஜிர்' வந்தபோது லேசாக முன்னால் குனிந்தார். முடிந்ததும் நான் 'நல்லாருக்குங்க' வரும் என்று காத்திருந்தேன்.

"ஏனுங்க, பையன இன்னுங் கொஞ்சம் ஏத்தலாமுங்களா?" என்றார்.

"போதுமுங்க. இதுக்கு மேல ஏத்துனாக் காதக் கிழிக்குமுங்க."

"கிழிக்கட்டுமுங்க. ஒரே ஒருக்கா."

அவருக்காக ஏற்றிப் போட்டேன். அறையே அதிர்ந்தது. மகன் காதைப் பொத்தினான், அப்பா பொத்தவில்லை. வெளியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "அனுப்பறது முன்னால வெச்சதுதானுங்களே, கண்ணு?" என்றார். 'கண்ணு' என்று காதில் விழுந்ததும் நான் பொத்தானை இறக்கி, பழைய அளவில் வைத்துச் சென்னைக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வரவில்லை. மார்கழி முடியப் போகிறது என்ற நிலையில் குமரேசன் போன் செய்தான். சென்னையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்களாம், பொங்கல் கழிந்ததும் வரச் சொன்னார்களாம். சந்தோஷத்தில் அவனுக்குப் பேச்சு முன்னும் பின்னுமாக வந்தது. "அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்கண்ணா. நான் சொன்னா அவரு 'சரி கண்ணு'ன்னுட்டுப் போயிருவாரு, மனசுல என்ன இருக்குதுன்னே தெரியாது" என்றான்.

முத்துசாமிக்குப் போட்டேன். களத்தில் இருந்தார். பருப்பை வாரும் சத்தமும் ஆட்களை விரட்டும் அவர் குரலும் கேட்டன. விஷயத்தைச் சொன்னேன். வாருவதை நிறுத்தச் சொல்லி ஆட்களிடம் கத்தினார்.

"சரிங்க. நெம்ப சந்தோசமுங்க" என்றார். "அப்பக் களத்துக்கு வேற ஆளு பாக்கோணுமுங்களே. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க."

"பாக்கறேனுங்க" என்றேன்.

"பாருங்க. கிட்டார் வாசிக்காத ஆளாப் பாத்துச் சொல்லுங்க."